அலைமேல் அலை!



அகில இந்திய வானொலியைப் பற்றி எந்தப் பொது அறிவுப் புத்தகத்தைப் புரட்டினாலும் ஒரு புள்ளிவிவரம் கண்ணில் படும். நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 92 சதவீதத்தையும், மக்கள் தொகையில் 99.19 சதவீதத்தையும் அதன் ஒலிபரப்பு எட்டுகிறது என்பதே அது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். பெருமைப்பட வேண்டிய கணக்குதான். ஆனால் எனக்கு அதில் ஒரு சந்தேகம். அந்த 92 சதவீதத்தில் கடல் எங்கே இருக்கிறது?

"கடலில் யார் குடியிருக்கிறார்கள்? மீனா ரேடியோ கேட்கப் போகிறது?" என்று சிலர் சிரிக்கலாம். என் அப்பா குடியிருக்கிறார் ஐயா! வாரத்தில் மூன்று, நான்கு ராத்திரி அவருக்குக் கடலில்தான். தூத்துக்குடிக் கரையில் நாட்டுப்படகை நம்பிப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியைத் தாண்டி ஒரு பாலிடெக்னிக்குக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். மின்னணுவியல் படிக்கிறேன் என்றால் ஊரில், "ரேடியோ ரிப்பேர்தானலே?" என்று கேட்பார்கள். "ஆமா" என்று சொல்லிவிடுவேன். இந்தக் கட்டுரையும் ஒரு வகையில் ரேடியோ ரிப்பேர் பற்றியதுதான்.

அண்மை ஆண்டுகளில் நாடு முழுவதும் வானொலியின் மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்கள், அதாவது மத்திய அலை ஒலிபரப்பிகள், பல இடங்களில் நிறுத்தப்பட்டுள்ளன. எஃப்.எம். நிலையங்கள் பெருகுகின்றன. 2023 ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் 91 எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்கள் தொடங்கி வைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் 100 வாட். நல்ல காரியம். மலைக் கிராமத்துக்கும் எல்லை ஊருக்கும் தெளிவான ஒலி கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? ஆனால் உள்நாட்டுக்குச் சரியான ஒரு முடிவு கடற்கரைக்கும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பது பிழை. கரையில் பழசாகிப் போன ஒன்று கடலில் பழசாகிவிடவில்லை. இதுதான் என் கருத்து. ஏன் என்பதை நாம் படித்த பாடத்தைக் கொண்டே சொல்கிறேன்.

தரையோடு ஊர்ந்து போகும் அலை

மீடியம் வேவ் என்பது ஏறத்தாழ 530 முதல் 1600 கிலோ ஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசை. 1000 கிலோ ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 300 மீட்டர். எஃப்.எம். 100 மெகா ஹெர்ட்ஸ் என்றால் வெறும் 3 மீட்டர். எல்லா வித்தியாசமும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை. ஆகவே ஒரு தூரத்துக்கு மேல் பூமி கீழே வளைந்துபோக, அலை தலைக்கு மேலே போய்விடும். மீடியம் வேவ் அப்படியல்ல. நிமிர்ந்து நிற்கும் கோபுரத்திலிருந்து கிளம்பும் அலையின் கீழ்முனை தரையைத் தொட்டுக்கொண்டே ஊர்ந்து போகிறது. பூமியின் வளைவோடு தானும் வளைகிறது. இதைத்தான் 'கிரவுண்ட் வேவ்', தரை அலை என்று படிக்கிறோம்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. தரையைத் தொட்டுக்கொண்டு போகிறபோது தரைக்குள் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. தரை நல்ல கடத்தியாக இல்லாவிட்டால் அந்த மின்னோட்டம் வெப்பமாக வீணாகும். அந்த நஷ்டத்தை அலை தன் கையிலிருந்து கொடுத்தாக வேண்டும். போகப் போக அலை இளைத்துப்போகும்.

இப்போது கடத்துதிறன் அட்டவணையைப் பாருங்கள். வறண்ட, பாறை நிலம்: மீட்டருக்கு 0.001 சீமென்ஸ். நல்ல ஈர நிலம்: 0.01. கடல் நீர்: 4 முதல் 5 வரை! வறண்ட நிலத்தைப் போல ஏறத்தாழ 5,000 மடங்கு. எல்லாம் உப்பு செய்கிற வேலை. 1000 கிலோ ஹெர்ட்ஸ் அலை கடல் நீருக்குள் ஒரு சாண் ஆழம் இறங்குவதற்குள் அதன் வலிமை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். அதாவது கடல் அலையை உள்ளே விடுவதில்லை. மேலேயே வைத்து அனுப்பிவிடுகிறது. வறண்ட நிலத்திலோ அதே அலை பதினைந்து மீட்டருக்கும் மேல் உள்ளே இறங்கும். ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரமுள்ள மண்ணையெல்லாம் சூடாக்கிக்கொண்டு போகிற அலையிடம் மிச்சம் என்ன இருக்கும்?

இந்தப் பாடம் நடந்த அன்று சார் அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். எனக்கு மட்டும் பேனா ஓடவில்லை. இதே விஷயத்தை என் அப்பா எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறார். "ஏலே, ரேடியோவுக்குக் கடல்தாம்ல ரோடு. கரைதாம்ல மேடு பள்ளம்." அவர் சீமென்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டதில்லை. சொன்னது என்னவோ அதுவேதான்.

நூறு மடங்கா? பத்தாயிரம் மடங்கா?

ஒரு கிலோவாட் டிரான்ஸ்மிட்டர். 1000 கிலோ ஹெர்ட்ஸ். கடல் வழியாக 100 கிலோ மீட்டர் போனால் அங்கே கிடைக்கும் புல வலிமை மீட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லிவோல்ட். சாதாரண ரேடியோப் பெட்டி நன்றாகவே பாடும். அதே டிரான்ஸ்மிட்டர், அதே தூரம், ஆனால் வறண்ட நிலம் வழியாக என்றால் அதில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் மிஞ்சும். பெட்டியில் இரைச்சல்தான் கேட்கும்.

நூறு மடங்கு என்பது வோல்ட் கணக்கு. திறன் கணக்கு அதன் வர்க்கம் அல்லவா? அப்படியானால் கடல் வழியாக 1 கிலோவாட் செய்கிற வேலையை வறண்ட நிலம் வழியாகச் செய்ய 10,000 கிலோவாட் வேண்டும்! அப்படி ஒரு டிரான்ஸ்மிட்டரை யாரும் கட்டப் போவதில்லை. இந்தக் கணக்கைத் தேர்வுக்காகப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் இயற்கை நமக்குப் பத்தாயிரம் மடங்கு ஆம்ப்ளிபயர் ஒன்றைக் காசு வாங்காமல் கரைக்குப் பக்கத்தில் விரித்து வைத்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

இன்னும் ஒரு வியப்பு உண்டு. நிலத்தின் மேல் இளைத்துப்போய் வரும் அலை கடலைத் தொட்டதும் என்ன ஆகும்? மேலும் இளைக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. கொஞ்ச தூரம் வலிமை கூடுகிறது! மேலே பரவியிருக்கும் ஆற்றல் கீழே இறங்கி, தரையோரம் விழுந்த குறையை நிரப்புகிறது. மில்லிங்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1949-இல் நிலமும் கடலும் கலந்த பாதைக்குக் கணக்கிடும் முறையை வெளியிட்டார். அவர் பெயராலேயே இதை அழைக்கிறார்கள்.

வரலாறு என்ன சொல்கிறது?

வானொலி பிறந்து நடை பழகியதே கடலின் மேல்தான். 1901 டிசம்பர் 12 அன்று இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து அனுப்பிய சைகை ஏறத்தாழ 3,400 கிலோ மீட்டர் அட்லாண்டிக் கடலைத் தாண்டி நியூபவுண்ட்லாந்தில் தனக்குக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். மறு வருடமே பிலடெல்பியா என்ற கப்பலில் போய்க்கொண்டே சோதித்தார். பகலில் 700 மைல் அளவில் நின்றுபோன செய்தி இரவில் 1,500 மைலுக்கு அப்பாலும் கிடைத்தது. வானத்தில் மின்னேற்றம் உள்ள ஓர் அடுக்கு இருக்க வேண்டும் என்று அதே 1902-இல் கென்னலியும் ஹெவிசைடும் கருத்துச் சொன்னார்கள். ஆப்பிள்டன் 1924-இல் அதைச் சோதனையால் நிரூபித்தார். 1947-இல் நோபல் பரிசு பெற்றார். பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு மீடியம் வேவை விழுங்கிவிடும். இரவில் அந்த அடுக்கு மறைய, அலை மேலே போய் எதிரொலித்துத் தொலைதூரத்தில் இறங்கும். ஆக, மீடியம் வேவுக்குக் கடலில் பகலில் ஒரு வழி, இரவில் இரண்டு வழி.

1912-இல் டைட்டானிக் கப்பல் உதவி கேட்டுக் கதறியது 600 மீட்டர் அலையில், அதாவது 500 கிலோ ஹெர்ட்ஸில். 1999-இல் புதிய உலகளாவிய அபாய அறிவிப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை அந்த 500 கிலோ ஹெர்ட்ஸ்தான் நடுக்கடலின் அபயக் குரல். அந்தப் புதிய முறையிலும் கரையோரக் கடலுக்கான வானிலை எச்சரிக்கைகளை எந்த அலையில் அனுப்புகிறார்கள் தெரியுமா? நேவ்டெக்ஸ் என்ற பெயரில், 518 கிலோ ஹெர்ட்ஸில்! மீடியம் வேவ் வானொலி தொடங்கும் இடத்துக்கு அடுத்த வீடு. அதன் எட்டும் தூரம் சில நூறு கடல் மைல். இந்தியக் கரையிலும் நேவ்டெக்ஸ் நிலையங்கள் உண்டு. பிரிட்டனிலும் கப்பல்களுக்கான வானிலை அறிக்கையைப் பல பத்தாண்டுகள் லாங் வேவில்தான் படித்தார்கள். அவர்கள் இப்போது லாங் வேவைக் கைவிட்டு வருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே கடலுக்குப் போகிறவர்களுக்குக் கையில் வேறு கருவிகள் தாராளமாக இருக்கின்றன.

நேவ்டெக்ஸ் செய்தி ஆங்கில எழுத்தாக, அதற்கென்றே உள்ள கருவியில் வரும். சரக்குக் கப்பலுக்குச் சரி. அப்பாவின் வள்ளத்துக்கு? பெரிய கப்பலுக்கு இந்த அலைதான் உகந்தது என்று உலகமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதே கடலில், அதே காற்றில் போகிற சின்னப் படகுக்கு மட்டும் அந்த அலை பழசா? இது என்ன நியாயம்?

நம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் இலங்கை வானொலியைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். கொழும்பில் 1925-இல் தொடங்கிய ஒலிபரப்பு அது. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் தமிழகக் கடற்கரை வீடுகளில் பக்கத்து வீட்டுக் குரல் போலக் கேட்டன. அறிவிப்பாளர்களின் திறமை பாதி. மீதிப் பெருமை நடுவில் கிடக்கும் உப்புத் தண்ணீருக்கும் உண்டு. எங்கள் ஆச்சி இன்றைக்கும் சொல்வாள்: "மதுரை இரையும்டா, இலங்கை இரையாது." மதுரைக்கு நடுவில் மண். இலங்கைக்கு நடுவில் கடல்.

"எஃப்.எம். வந்தாச்சே?"

இப்படிக் கேட்கிற நண்பர்களுக்கு ஒரு கணக்கு. ராமேசுவரத்தில் 1995-இல் கட்டப்பட்ட தொலைக்காட்சிக் கோபுரம் 323 மீட்டர் உயரம். நாட்டிலேயே மிக உயரமான கோபுரம் என்று பெயர் பெற்றது. நமது சூத்திரத்தின்படி அதன் உச்சியிலிருந்து ரேடியோ அடிவானம் ஏறத்தாழ 74 கிலோ மீட்டர். படகில் 4 மீட்டர் உயரத்தில் ஏரியல் கட்டினால் இன்னும் 8 சேரும். மொத்தம் 82. இவ்வளவு பெரிய கோபுரத்துக்கே இவ்வளவுதான். சாதாரண எஃப்.எம். கோபுரங்கள் இதைவிட மிகவும் குட்டை.

பாம்பனில் 'கடல் ஓசை' என்று மீனவர்களுக்காகவே ஒரு சமுதாய வானொலி 2016 ஆகஸ்ட் 15 முதல் நடக்கிறது, 90.4 மெகா ஹெர்ட்ஸ். கடலின் மொழியிலேயே பேசுகிற அருமையான முயற்சி. ஆனால் சமுதாய வானொலிக்கு நம் நாட்டில் அனுமதிக்கப்படும் உச்சத் திறன் 100 வாட், ஏரியல் உயரம் 30 மீட்டர்தான். அவர்கள் எவ்வளவுதான் உழைத்தாலும் பூமியின் வளைவை அவர்களால் நிமிர்த்த முடியாது அல்லவா?

"அப்படியானால் அக்கரை எஃப்.எம். நம்ம செல்போனில் சில நாள் அட்டகாசமாக வருகிறதே, அது எப்படி?" இது ஹாஸ்டலில் என்னை மடக்கிய கேள்வி. அதற்குப் பதில் 'டக்டிங்'. நிலத்திலிருந்து வரும் சூடான, வறண்ட காற்று, கடலின் மேலுள்ள குளிர்ந்த, ஈரக் காற்றின் மேல் போர்வையாகப் படரும்போது நடுவில் ஒரு குழாய் போன்ற பாதை உண்டாகிறது. அதற்குள் அகப்பட்ட குறுகிய அலைகள் அடிவானத்தைத் தாண்டி வெகுதூரம் போகும். இரண்டாம் உலகப் போரின்போது பம்பாயிலிருந்த ராடார் ஒன்றில் ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள அரேபியக் கரையின் எதிரொலி தெரிந்தது இப்படித்தான்.

ஆனால் நண்பர்களே, இந்தப் பாதை அமைதியான காற்றில்தான் நிலைக்கும். பலத்த காற்று எழுந்து மேலடுக்கையும் கீழடுக்கையும் கலக்கிவிட்டால் குழாய் கலைந்துவிடும். அதாவது கடல் நன்றாக இருக்கிற நாளில் எஃப்.எம். பாட்டுப் பாடும், கடல் கெடுகிற நாளில், எச்சரிக்கை வேண்டிய அந்த நேரத்தில், ஓடிவிடும். விருந்தாளியை நம்பி உலை வைக்கலாம்; காவலுக்கு வைக்க முடியுமா? மீடியம் வேவின் தரை அலைக்குக் காற்றைப் பற்றிக் கவலையில்லை. இடி மின்னல் வந்தால் கரகரக்கும், அவ்வளவுதான். ஆள் பேசுவது புரியும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் பார்த்துச் சொல்லவில்லை. போன வருட விடுமுறையில் அப்பாவிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தேன். எழுதத் தெரியாது, அதனால் எஃப்.எம். கேட்டால் ஒரு வட்டம், மீடியம் வேவ் கேட்டால் ஒரு கோடு, மணிக்கு ஒரு தரம் போட வேண்டும் என்று ஏற்பாடு. பதினோரு தடவை போய்வந்த கணக்கு அந்த நோட்டில் இருக்கிறது. நம்ம ஊர் எஃப்.எம். வட்டம் பெரும்பாலும் மூன்றாவது, நாலாவது மணிக்குள் முடிந்துவிட்டது. அக்கரை எஃப்.எம். சில நாள் இருந்தது, கச்சான் காற்று ஓங்கிய இரண்டு நாளும் இல்லை. கோடு மட்டும் போகும்போதும் வரும்போதும் பக்கம் முழுக்க விடாமல் ஓடியது. "எப்பா, கோடு போட மறந்துட்டு மொத்தமா போட்டீகளா?" என்று கேட்டேன். "கேட்டுச்சு, போட்டேன். கேக்கலைன்னா எதுக்குல போடப் போறேன்?" என்றார்.

"செயற்கைக்கோள் இருக்கிறதே?"

இருக்கிறது. இருக்கவும் வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக்கு அருகே ஒக்கி புயல் சட்டென்று வலுப்பெற்றபோது பல நாள் முன்னரே ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களுக்குச் செய்தி சொல்ல வழியில்லாமல் போனது. திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். அதற்குப் பின்தான் செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கு எச்சரிக்கை அனுப்புவதில் அரசு வேகம் காட்டியது. 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்களும் படகுகளில் பொருத்தப்படுகின்றன. நம் நாட்டுப் பொறியாளர்களின் சாதனை. தலைவணங்குகிறேன்.

மீடியம் வேவ் மட்டும் சரியாக இருந்திருந்தால் ஒக்கியில் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் புயல் வலுத்த வேகம் அப்படி. சிலர் இருந்த தூரமும் அப்படி. நான் சொல்வது வேறு. உயிர் விஷயத்தில் ஒரே கயிற்றை நம்பக் கூடாது. எங்கள் ஆட்கள் நங்கூரத்துக்கே மாற்றுக் கயிறு வைத்திருப்பார்கள். செயற்கைக்கோள் கருவி படகுக்கு ஒன்று. அதன் பேட்டரி தீர்ந்தால், உப்புக்காற்றில் இணைப்பு அரித்தால், கடலுக்கு நடுவில் அதைப் பார்க்க ஆள் இல்லை. ரேடியோ ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேட்டரிக் கட்டை போதும். நனைந்தால் வெயிலில் காயவைத்துக் கேட்கலாம். முக்கியமாக, படிக்கத் தெரிய வேண்டியதில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி மின்னுவதற்கும், "மீனவர்கள் உடனே கரை திரும்பவும்" என்று ஒரு மனிதக் குரல் தமிழில் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம், படித்தவர்கள் நிறைந்த வீட்டில் பிறந்தவர்களுக்குப் புரிவது கொஞ்சம் கஷ்டம்.

"கரண்ட் பில் யார் கட்டுவது?"

இது நியாயமான கேள்வி. 100, 200 கிலோவாட் மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர் மின்சாரத்தை யானை மாதிரி தின்னும். கேட்கிறவர்கள் குறைந்தபின் அந்தச் செலவு தண்டம் என்று அதிகாரிகள் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த 200 கிலோவாட் எதற்கு? நிலத்தின் நஷ்டத்தை ஈடுகட்டவும், தூரதேசத்தை எட்டவும்தான். கடலை மட்டும் குறிவைத்தால் அவ்வளவு வேண்டாம். மேலே சொன்ன கணக்கையே விரித்துப் பாருங்கள். கரையோரம் 10 கிலோவாட். 100 கிலோ மீட்டர் கடலில் மீட்டருக்கு 9 மில்லிவோல்ட் போல வரும். 200 கிலோ மீட்டரில் 4 அளவில் வரும். கேட்பதற்கு 1 இருந்தாலே போதும்! 10 கிலோவாட் நிலையம் இழுக்கும் மின்சாரம் எங்கள் ஊர் ஐஸ் பேக்டரி இழுப்பதைவிடக் குறைவு. கோபுரத்தின் அடியில் நூற்றுக்கும் மேற்பட்ட செப்புக் கம்பிகளைப் புதைத்து நல்ல எர்த் உண்டாக்குவது வழக்கம். எங்கள் பக்கம் உப்பள மண்ணே பாதி எர்த்!

ஒலி தெளிவில்லை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் முறையில் அதே மீடியம் வேவில் தெளிவான ஒலியும் எழுத்துச் செய்தியும் அனுப்ப முடியும். அகில இந்திய வானொலி முப்பதுக்கும் மேற்பட்ட மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை அதற்கேற்றபடி ஏற்கெனவே அமைத்தும் விட்டது. வாங்குகிற விலையில் ரேடியோப் பெட்டிதான் இன்னும் வரவில்லை. அதுவரை பழைய பெட்டி பாடட்டுமே!

நாம் என்ன செய்யலாம்?

அரசுக்கு யோசனை சொல்லிவிட்டுக் கட்டுரையை முடிப்பது எளிது. நம்மால் முடிந்தது என்ன என்பதையும் பார்ப்போம்.

முதலாவது, ஒலிபரப்பின் எல்லையைக் காட்டும் வரைபடங்கள் கரையோடு நின்றுவிடக் கூடாது. தமிழகத்துக்கு ஆயிரம் கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட கடற்கரை. இந்தியாவின் பொருளாதாரக் கடற்பரப்பு 20 லட்சம் சதுர கிலோ மீட்டருக்கும் மேல். அதையும் சேர்த்துச் சதவீதம் சொல்லட்டும்.

இரண்டாவது, கரையோர மீடியம் வேவ் நிலையம் எதையும் மூடுமுன் கடலுக்குள் போய் அளந்து பார்க்க வேண்டும். மூடத்தான் வேண்டுமென்றால், பெரியதை மூடிவிட்டுக் கடலுக்கென்று சிறியது ஒன்றை வைக்க வேண்டும்.

மூன்றாவது நமக்கு. இறுதியாண்டில் நாம் செய்கிற புராஜெக்ட்டுகளைக் கொஞ்சம் மனசாட்சியோடு பார்ப்போம். எத்தனை புராஜெக்ட் கடையில் ரெடிமேடாக வாங்கியது? பெயிண்ட் அடித்து, விளக்கு எரியவிட்டு, வைவா முடிந்ததும் அலமாரிக்குள் போவதுதானே பாதி? அதற்குப் பதிலாக ஒரு புல வலிமை மீட்டரும் ஒரு ஜி.பி.எஸ். கருவியும் எடுத்துக்கொண்டு, கரையோரப் பாலிடெக்னிக் மாணவர்கள் நாலு பேர் ஒரு படகில் ஏறினால் போதும். எந்த நிலையம் எத்தனை கடல் மைல் வரை, பகலில் எப்படி, இரவில் எப்படி, கச்சானில் எப்படி, வாடையில் எப்படி என்று ஒரு வருடத்தில் அளந்துவிடலாம். இதற்குப் பெரிய லேப் வேண்டாம். படகுக்கு டீசல் வேண்டும். கடல் ஒத்துக்கொள்கிற வயிறு வேண்டும். மாணவர் பேரவை இந்த ஆண்டு இதைத் தன் பணியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இந்த மலர் மூலமாகவே வேண்டுகோள் வைக்கிறேன். கூட வர எங்கள் தெருவில் படகுகளும் இருக்கின்றன, ஆட்களும் இருக்கிறார்கள். பதினோரு பக்கம் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. மீதியை நாம் எண்களால் எழுதுவோம்.

கையில் அளந்த எண்கள் இருந்தால், முடிவெடுக்கிறவர்களிடம் நாம் கெஞ்ச வேண்டியதில்லை, காட்டினால் போதும். அதன்பிறகும் மூடுவதுதான் சரி என்று அவர்கள் சொன்னால், எதை மூடுகிறோம் என்று தெரிந்து மூடியதாகவாவது இருக்கும். தெரியாமல் மூடுவதுதான் குற்றம்.

படிப்பு என்பது நம்மைக் கரையேற்றுவதற்கு என்று சொல்வார்கள். சரிதான். கரையேறியவர்கள் கடலில் இருப்பவர்களுக்குக் குரல் கொடுக்காவிட்டால், வேறு யார் கொடுப்பார்கள்?

சிந்திப்போம் நண்பர்களே... அளப்போம்... பிறகு பேசுவோம்!

— மூன்றாமாண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொலைத்தொடர்புத் துறை